37 சதுர கிலோமீட்டருக்கு ஒருவர்: டோர்டெல் கிராமத்தின் நிலமும் மக்களும்

சிலி நாட்டின் தெற்கே, படகோனியாவில், டோர்டெல் என்றொரு நிர்வாகப் பகுதி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 19,710 சதுர கிலோமீட்டர். 2017ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே எண்ணப்பட்டவர்கள் 523 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 37 சதுர கிலோமீட்டருக்கும் மேல் நிலம் வருகிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கவே அரை நாள் நடக்க வேண்டியிருக்கும் என்று தோன்றலாம்.

அங்கே போய்ப் பார்த்தால் காட்சி வேறு. அந்த 523 பேரில் பெரும்பாலோர் கலேட்டா டோர்டெல் என்ற ஒரே கிராமத்தில் வசிக்கிறார்கள். கடல்நீர் உள்ளே புகுந்த ஒரு சிறு குடாவின் விளிம்பில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு, மரத்தூண்கள் மேல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஓடும் பலகைப் பாதை வழியாகத்தான் இன்னொருவர் தன் வீட்டுக்குப் போகிறார். யார் வீட்டில் அடுப்பு புகைகிறது, யார் படகு கரையேறியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிகிற நெருக்கம்.

வகுத்தலில் பிழை ஏதும் இல்லை. எண்ணிக்கையும் பரப்பும் சரியானவையே. ஆனால் மக்கள் அடர்த்தி என்ற ஒற்றை எண், நிலத்தைப் பற்றியும் மக்களைப் பற்றியும் நமக்கு எதையும் சொல்லாமலே ஒரு படத்தை மனத்தில் வரைந்துவிடுகிறது. ஒரு சிறு கிராமத்தின் புவியியலை எப்படிப் படிப்பது, அதன் மக்கள்தொகையை எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு டோர்டெல் ஒரு நல்ல பாடம்.

கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது

முதலில் எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டும். சிலி 16 பிராந்தியங்களாகவும், அவை 56 மாகாணங்களாகவும், அந்த மாகாணங்கள் 346 கொமூனாக்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கொமூனா என்பது மேயரும் மன்றமும் கொண்ட அடிமட்ட நிர்வாக அலகு. டோர்டெல் ஐசேன் பிராந்தியத்தில், கபித்தான் பிராட் மாகாணத்தில் இருக்கும் மூன்று கொமூனாக்களில் ஒன்று. மற்ற இரண்டும் கோக்ரேன், ஓ'ஹிகின்ஸ். கோக்ரேன்தான் மாகாணத் தலைநகர். அதிலும் 2017இல் ஏறத்தாழ 3,500 பேர்தான் இருந்தார்கள்.

இங்கே ஒரு குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. கொமூனாவுக்கும் டோர்டெல் என்று பெயர். கிராமத்தையும் சுருக்கமாக டோர்டெல் என்றே அழைக்கிறார்கள். இணையத்தில் 'டோர்டெல் மக்கள்தொகை' என்று தேடினால் கிடைக்கும் எண் பெரும்பாலும் கொமூனாவுக்கு உரியது. அதை எடுத்துக் கிராமத்தின் புகைப்படத்துக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். உலகின் எந்தச் சிறு ஊரைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த எண் வீடுகள் இருக்கும் ஊருக்கு உரியதா, ஊரின் பெயரைத் தாங்கிய நிர்வாக எல்லைக்கு உரியதா?

டோர்டெல் கொமூனாவின் எல்லைக்குள் என்னென்ன அடங்குகின்றன என்று பார்த்தால் அந்தப் பெரிய பரப்பின் இரகசியம் விளங்கிவிடும். பனிப்புலங்களின் பகுதிகள் உண்டு. பசிபிக் கடலோரத் தீவுக்கூட்டங்கள் உண்டு. 1983இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட கட்டலாலிசார் காப்பகம் மட்டுமே ஏறத்தாழ 6,700 சதுர கிலோமீட்டர். கொமூனாவின் மூன்றில் ஒரு பங்கு. காடும் சதுப்பும் கால்வாய்களும் நிறைந்த அந்தத் தீவுகளில் ஊர் எதுவும் கிடையாது. தேசியப் பூங்காக்களின் நிலத்தையும் சேர்த்தால், யாரும் குடியேற முடியாத, குடியேற அனுமதியும் இல்லாத பரப்புதான் கொமூனாவின் பெரும்பகுதி என்பது தெரியவரும். கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் அடர்த்தி எண் மாறியிருக்கும். கிராமத்தில் ஒரு பலகைகூட நகர்ந்திருக்காது.

நாட்டுப்புறம் என்ற வகைப்பாடும் கோடு போடுகிற வேலைதான். சிலியின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுகோலின்படி, ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் இல்லையென்றால் அது நாட்டுப்புறமே. அங்கிருப்பவர்கள் என்ன தொழில் செய்தாலும் சரி. 301 முதல் 1,000 பேர் வரை ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் குடியிருப்பைச் சிற்றூர் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். டோர்டெலில் நகராட்சி அலுவலகம் உண்டு, மேயர் உண்டு, விடுதிகள் உண்டு. வயலும் வரப்பும் கண்ணில் படாது. ஆனாலும் புள்ளிவிவரப்படி கொமூனா முழுவதும், நூற்றுக்கு நூறு, நாட்டுப்புறம். நாட்டுப்புறம் என்றாலே விவசாயம் என்று எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அது செல்லாது.

கால் வைக்க இடமில்லாத நிலம்

கிராமம் தெற்கு அட்சரேகை 48 பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ அதே தொலைவில் பாரிஸ் இருக்கிறது. அட்சரேகை ஒன்றாக இருந்தால் தட்பவெப்பமும் ஒன்றாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். பசிபிக்கிலிருந்து ஓயாமல் வீசும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து ஆண்டீஸ் மலையில் மோதுகிறது. தாழ்வான இடத்தில் மழை, உயரத்தில் பனி. டோர்டெலில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அது பருவமழைபோல் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதில்லை. கோடையிலும் நனைக்கும், குளிர்காலத்திலும் நனைக்கும்.

மலைமேல் விழும் பனி கரைவதற்குள் அடுத்த பனி விழுவதால் அது அடுக்கடுக்காக இறுகிப் பனிப்புலமாகிறது. படகோனியாவில் அப்படி இரண்டு உண்டு. வடக்குப் பனிப்புலம் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். தெற்குப் பனிப்புலம் 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அண்டார்க்டிகாவை விட்டுவிட்டால் தென் அரைக்கோளத்தில் தெற்குப் பனிப்புலத்தைவிடப் பெரிய பனித்திரள் வேறு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் டோர்டெல் இருக்கிறது. வடக்கே படகில் போனால் ஸ்டெஃபன் பனியாற்றை நெருங்கலாம். தெற்கே போனால் ஹோர்ஹே மொந்த் பனியாறு. இரண்டாவது பனியாறு 1898க்கும் 2011க்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. கொமூனாவின் 'நிலப்பரப்பு' என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பதில் ஒரு பகுதி பனி, அதுவும் உருகிக்கொண்டிருக்கும் பனி.

அந்த இடைவெளி வழியாகத்தான் பேக்கர் ஆறு கடலுக்கு வருகிறது. ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. ஆனால் சிலியில் இதைவிட அதிக நீர் ஓடும் ஆறு கிடையாது; சராசரியாக நொடிக்கு 900 கன மீட்டர் அளவில் நீரைக் கொண்டுவருகிறது. காரணம் அதன் தலைமாட்டில் இருக்கும் ஏரி. சிலியும் அர்ஜென்டினாவும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 1,850 சதுர கிலோமீட்டர். சிலிப் பக்கத்தில் அதற்கு ஹெனெரால் கரேரா என்று பெயர், அர்ஜென்டினாப் பக்கத்தில் புவனோஸ் ஐரிஸ். ஏரிநீர் பெர்த்ராந்த் என்ற சிறிய ஏரிக்குள் வந்து, அங்கிருந்து பேக்கராகப் புறப்படுகிறது. வழியில் பனியாறுகளின் உருகுநீர் வந்து சேர்கிறது. பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தள்ளுவதால், டோர்டெலை நெருங்கும்போது நீர் பால் கலந்த பச்சை நிறமாக இருக்கும்.

நிலத்தின் முக்கியமான கேள்விக்கு இப்போது வரலாம்: வீடு கட்டத் தகுந்த இடம் எங்கே? ஆற்றின் முகத்துவாரத்தில் தட்டையான நிலம் இருக்கிறது, ஆனால் அது வண்டல் படிந்த தீவுகளும் சதுப்புமாக, ஆறு பெருகினால் மூழ்கிவிடும் நிலம். மற்ற இடமெல்லாம் பனியாறு தேய்த்துவிட்டுப் போன பாறைச்சரிவு. பாறைமேல் இருப்பது மண் என்று சொல்லத் தகாது. மழையில் ஊறி, குளிரில் மக்காமல், பாசியும் செடியும் சேர்ந்து கனத்த மெத்தைபோலக் கிடக்கும் சதுப்பு. மிதித்தால் கால் உள்ளே போகும். அதன்மேல் தெரு போட முடியாது. சக்கரம் உருளாது. உழுது பயிரிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே மக்கள் நிலத்தையும் நீரையும் பிரிக்கும் அந்த மெல்லிய விளிம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். சரிவின் அடிவாரத்தில் தூண் நட்டு, பாதி வீடு நிலத்தின் மேலும் பாதி நீரின் மேலுமாகக் கட்டினார்கள். தொடக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் படகில்தான் போனார்கள். பிறகு வீடுகளை இணைத்து மரப்பலகைப் பாதைகள் வந்தன. இன்று ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதையும் படிக்கட்டும் பாலமுமாக அவை குடாவைச் சுற்றி ஓடுகின்றன. கிராமத்துக்குள் மோட்டார் வண்டி ஓடும் தெரு கிடையாது. வண்டிகள் ரின்கோன் ஆல்ட்டோ என்ற மேட்டுப் பகுதியிலேயே நின்றுவிடும். சிமெண்ட் மூட்டையோ எரிவாயு உருளையோ மளிகையோ, எதுவானாலும் அங்கிருந்து தோளில், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில், அல்லது படகில்தான் வீடு போய்ச் சேர வேண்டும். ஊர்கூடும் சதுக்கங்களும் பலகைத் தளங்களே. மழைக்காக அவற்றுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். 2001இல் சிலி அரசு இந்தக் கிராமத்தையே பாதுகாக்க வேண்டிய மரபுப் பகுதியாக அறிவித்தது.

அடர்த்தியைப் பற்றித் தொடங்கிய பேச்சை இங்கே மீண்டும் எடுக்கலாம். புவியியலாளர்கள் மொத்தப் பரப்பால் வகுக்கும் அடர்த்தியோடு நிற்பதில்லை. வாழத்தகுந்த அல்லது பயிரிடத்தகுந்த பரப்பால் வகுத்தும் பார்ப்பார்கள். கிராமம் ஒரு சதுர கிலோமீட்டரில் அடங்குகிறது என்றும், அதில் 400 பேர் இருக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 400. கொமூனாவின் அடர்த்தியோ 0.03ஐக்கூட எட்டாது. ஒரே மக்கள், ஒரே ஆண்டு. விடையில் 15,000 மடங்கு வேறுபாடு. எந்தப் பரப்பால் வகுத்தோம் என்பதைச் சொல்லாமல் தரப்படும் அடர்த்தி எண்ணை நான் நம்புவதில்லை.

ஆறும் தன் பங்குக்கு இடத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. பேக்கரில் சேரும் கொலோனியா ஆற்றின் மேற்பகுதியில், பனியாறு அணைபோல் நின்று மறித்துவைத்திருக்கும் ஓர் ஏரி உண்டு. கச்செட் 2 என்று பெயர். 2008 ஏப்ரலில் அந்த ஏரிநீர் பனியாற்றுக்கு அடியில் சுரங்கம் குடைந்து வெளியேறிவிட்டது. ஏரி காலியாயிற்று; கீழே பேக்கர் திடீரென்று பொங்கியது. அதற்குப் பிறகும் ஏரி நிறைவதும் வடிவதும் பலமுறை நடந்தன. பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகக் கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது கவலை. தட்டை நிலத்தை விட்டுச் சரிவில் குடியேறிய கிராமத்தாரின் தேர்வு எவ்வளவு விவேகமானது என்பதும் இதில் தெரிகிறது.

மரம் சேர்த்த மக்கள்

இவ்வளவு சிரமமான இடத்துக்கு மக்கள் ஏன் வந்தார்கள்? நிலத்துக்காக வரவில்லை. மரத்துக்காக வந்தார்கள்.

குவைத்தேக்காஸ் சைப்ரஸ் என்ற ஊசியிலை மரம் இந்தக் கடற்கரையின் ஈரச் சதுப்பில் வளர்கிறது. உலகில் இதைவிடத் தெற்கே வளரும் ஊசியிலை மரம் வேறு இல்லை. மிக மெதுவாக வளரும். ஆனால் அதன் கட்டை ஈரத்தில் எளிதில் அழுகாது. மழையே வாழ்க்கையாக இருக்கும் ஊரில் இதைவிட வேறென்ன வரம் வேண்டும்? வீட்டுத் தூண், பலகைப் பாதை, படகு, வேலிக்கம்பம் எல்லாம் சைப்ரஸ்தான். காட்டுத்தீயில் கருகி நின்ற மரங்கள்கூடப் பல பத்தாண்டுகள் கழித்து வெட்டிப் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. தெற்கே மகல்லானெஸ் பகுதியில் செம்மறிப் பண்ணைகளுக்கு வேலிக்கம்பம் ஏராளமாகத் தேவைப்பட்டது. டோர்டெல்காரர்கள் கம்பங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். திரும்பி வரும் கப்பலில் மாவும் சர்க்கரையும் மாத்தேத் தேயிலையும் வந்தன. இப்போது இந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்தக் கால்வாய்களில் மனிதர்கள் இருந்தார்கள். கவெஸ்கர் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தோணியிலேயே வாழ்ந்து, மட்டியும் மீனும் கடல்நாயும் தேடித் தீவுக்குத் தீவு நகர்ந்துகொண்டிருந்தவர்கள். ஓரிடத்தில் நிலையாக வசிக்காதவர்களை எந்த ஊரின் கணக்கில் சேர்ப்பது? பழைய ஏடுகள் இப்பகுதியை 'ஆளில்லாத நிலம்' என்று எழுதியதற்கு ஒரு காரணம், எண்ண வந்தவர்களுக்கு வீடு கண்ணில் படவில்லை என்பதுதான். இன்று எஞ்சியிருக்கும் கவெஸ்கர் குடும்பங்கள் சில தெற்கே வெல்லிங்டன் தீவில் உள்ள புவெர்ட்டோ ஏதென் என்ற சிறு குடியிருப்பில் வாழ்கின்றன. அதுவும் பலகைப் பாதை ஊர்தான். அங்கே இன்றும் கடல்வழி தவிர வேறு வழி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேக்கர் பள்ளத்தாக்கில் ஒரு நிறுவனம் பெரும் நிலப்பரப்பைக் குத்தகைக்கு எடுத்தது. பாதை வெட்டவும் சைப்ரஸ் அறுக்கவும் சிலோயே தீவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் இறக்கினார்கள். 1906ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அவர்களை ஏற்றிச்செல்ல வேண்டிய கப்பல் வரவில்லை. அறுபது பேர் அளவில் இறந்துபோனார்கள். கூலி கொடுக்க மனமில்லாமல் நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்ற பேச்சு இன்றும் அங்கே உலவுகிறது. புதிய உணவு கிடைக்காமல் வந்த ஸ்கர்வி நோயே காரணம் என்பது ஆய்வாளர்கள் பக்கக் கருத்து. ஆற்று முகத்துவாரத்துத் தீவொன்றில் அவர்களைப் புதைத்தார்கள். 33 சைப்ரஸ் சிலுவைகள் அங்கே மிஞ்சி நிற்கின்றன. 'இறந்தவர்களின் தீவு' என்றே அதற்குப் பெயர். பயணிகள் படகில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நிறுவனம் போன பிறகு குடும்பங்கள் மெல்ல மெல்ல வந்தன. பள்ளத்தாக்கில் சிலர் மாடு வளர்த்தார்கள், முகத்துவாரத்தில் சிலர் மரம் வெட்டினார்கள். 1955இல் கலேட்டா டோர்டெல் முறையாக நிறுவப்பட்டது. ஒரு கிராமத்தின் வயது என்று பார்த்தால் மிகவும் இளையது. இன்று அங்கே வசிக்கும் முதியவர்களில் சிலர் தங்கள் ஊரைவிட மூத்தவர்களாக இருப்பார்கள்.

சிலியின் தெற்கு நெடுஞ்சாலையான கரெத்தேரா ஆஸ்ட்ரால் பணி 1976இல் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்து டோர்டெல் வரை வரும் 23 கிலோமீட்டர் கிளைச்சாலை 2003இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை படகு, கப்பல், எப்போதாவது சிறு விமானம். சாலை வருவதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் ஒரு தன்னார்வலர் குழுவோடு இங்கே வந்து பலகைப் பாதை வேலையில் ஈடுபட்டார். அப்போது எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்ததால்தான் வெளியுலகில் பலருக்கு இந்த ஊரின் பெயரே தெரியவந்தது. அதற்கு முன் அறுபது கூலிகள் செத்ததற்குக் கிடைக்காத கவனம் அது.

16 பேர் கூடினால்

2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொமூனாவின் மக்கள்தொகை 507. 2017இல் 523. பதினைந்து ஆண்டுகளில் 16 பேர் கூடியிருக்கிறார்கள். சதவீதத்தில் சொன்னால் 3க்குச் சற்று மேல்.

சிறு ஊர்களின் சதவீதத்தை எப்போதும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பத்து லட்சம் பேர் உள்ள நகரில் 3 சதவீதம் என்றால் முப்பதாயிரம் பேர். அதன் பின்னால் ஏதோ ஒரு பெரிய காரணம் இருக்கும். டோர்டெலில் அதே 3 சதவீதம் என்பது மூன்று, நான்கு குடும்பங்கள். ஒரு விடுதி திறக்கப்பட்டு அதை நடத்த ஒரு குடும்பம் வந்தால், காவலர் ஒருவர் மனைவி மக்களோடு மாற்றலாகிப் போனால், வளர்ச்சி வீதம் கண்ணில் படும்படி ஆடும். அதை எடுத்துக்கொண்டு 'கிராமம் வளர்கிறது', 'கிராமம் தேய்கிறது' என்று தலைப்புப் போடுவது பொருளற்றது.

அதைவிடச் சுவையான கேள்வி, நிகர எண்ணுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது. அந்தப் பதினைந்து ஆண்டுகளின் தொடக்கத்திலேயே சாலை வந்தது. சாலை ஆட்களைக் கொண்டும் வரும், கொண்டும் போகும். சுற்றுலாவை நம்பிப் புதியவர்கள் வந்தார்கள். கப்பலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததால் வெளியேறுவதும் எளிதாயிற்று. உயர்கல்விக்கு இளைஞர்கள் போயாக வேண்டும். ஊரில் பல்கலைக்கழகம் இல்லை. போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. ஐம்பது பேர் வந்து முப்பத்துநான்கு பேர் போயிருந்தாலும் மிச்சம் 16தான். இருநூறு பேர் வந்து நூற்று எண்பத்துநான்கு பேர் போயிருந்தாலும் 16தான். இந்த இரண்டு கிராமங்களும் ஒன்றல்ல, ஆனால் கணக்கெடுப்பின் மொத்த எண்ணில் ஒன்றாகவே தெரியும்.

ஆண்கள் பெண்களைவிட அதிகமாக இருப்பதும் இத்தகைய எல்லைப்புற ஊர்களில் வழக்கம். டோர்டெலும் அப்படித்தான். மரம் வெட்டுதல், படகோட்டுதல், சாலை வேலை, காவல் பணி என்று அங்கே ஆட்களை இழுத்த வேலைகள் பெரும்பாலும் ஆண்களை அமர்த்தியவை. பெண்கள் படிப்புக்கும் வேலைக்கும் நகரம் போனால் சமநிலை மேலும் சாய்கிறது. சுற்றுலா பெருகினால் இது மாறக்கூடும். விடுதியும் உணவகமும் குடும்பத் தொழில்கள்.

மக்கள்தொகை எண்ணை ஒரே அடியில் தலைகீழாக்கும் ஆற்றல் வெளியிலிருந்து வரும் திட்டங்களுக்கு உண்டு. பேக்கரிலும் அதற்குத் தெற்கே உள்ள பஸ்குவா ஆற்றிலுமாக ஐந்து அணைகள் கட்டி 2,750 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டம் ஒன்று இருந்தது. ஹித்ரோஐசேன் என்று பெயர். 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது சிலி முழுவதும் பெரும் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன. 2014இல் அரசு அதை நிராகரித்தது. மின்சாரம் வடக்கே நீண்ட தொலைவு போயிருக்கும். ஆனால் கட்ட வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்த மாகாணத்தில்தான் தங்கியிருப்பார்கள். ஐந்நூறு பேர் உள்ள ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு முகாம் எழுந்திருந்தால், கடையில் மாவு விலை முதல் பள்ளி வகுப்பறை வரை எதுவும் பழையபடி இருந்திருக்காது.

சேவைகளின் தொலைவும் மக்கள்தொகைக் கேள்வியே. கோக்ரேன் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சரளைச் சாலையில் சுமார் மூன்று மணி நேரம். பிராந்தியத் தலைநகர் கொய்யாய்க்கே அதற்கு அப்பால் இன்னும் வெகு தூரம். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். தெற்கே மகல்லானெஸ் வரை போகச் சிலிக்குள் சாலையே இல்லை, பனிப்புலம் மறித்துக்கொள்கிறது. புவெர்ட்டோ நத்தாலெஸுக்குக் கால்வாய்கள் வழியாக ஃபெரி போகிறது. இரண்டு நாள் பயணம். வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்கும் கிலோமீட்டர் இங்கே உதவாது. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் அளந்தால்தான் ஒரு கர்ப்பிணிக்கு, ஒரு முதியவருக்கு, இந்த ஊரில் வாழ்வது என்றால் என்ன என்று புரியும். படிக்கட்டுகளே பாதையாக இருக்கும் ஊரில், முட்டிவலி வந்தவருக்கு மேட்டுப் பகுதிக்கும் தாழ்வான பகுதிக்கும் இடையிலேயே தொலைவு பெரிது.

யாரை, எந்த இரவில் எண்ணினார்கள்

கடைசியாக ஒரு நுட்பம். தொடக்கநிலைக் கட்டுரைகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சிறு ஊர்களுக்கு இதுதான் மிக முக்கியம்.

கணக்கெடுப்பில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட இரவில் யார் எங்கே தங்கினார்களோ அவர்களை அங்கேயே எண்ணுவது. மற்றொன்று, தற்போது எங்கே இருந்தாலும் வழக்கமாக எங்கே வசிக்கிறார்களோ அந்த ஊரின் கணக்கில் சேர்ப்பது. சிலி 2017இல் முதல் முறையைப் பின்பற்றியது. ஏப்ரல் 19, புதன்கிழமை, நாடு முழுவதும் விடுமுறை விட்டு ஒரே நாளில் எண்ணி முடித்தார்கள். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பு வழக்கமான வசிப்பிட முறையில் நடந்து, நாடு முழுவதும் ஏராளமானோர் விடுபட்டுப்போனதால் மதிப்பிழந்தது. அதனால்தான் 2017இல் சுருக்கமான கேள்வித்தாளோடு மீண்டும் எண்ண வேண்டிவந்தது. டோர்டெலின் மக்கள்தொகைப் பட்டியல்களில் 2002க்குப் பிறகு நேரே 2017 வருவதன் காரணம் இதுவே.

ஒரே இரவில் எண்ணும் முறையில் கொய்யாய்க்கே மருத்துவமனையில் படுத்திருந்த டோர்டெல்காரர் கொய்யாய்க்கே கணக்கில் போய்விடுவார். நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும் அப்படியே. மாறாக, அன்றிரவு டோர்டெல் விடுதியில் தங்கியிருந்த பயணி டோர்டெலின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார். சாந்தியாகோ போன்ற நகரத்தில் இவை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஐந்நூறு பேர் உள்ள இடத்தில் இருபது பேர் இப்படி அங்குமிங்குமானால், பதினைந்து ஆண்டு 'வளர்ச்சி' முழுவதும் அதிலேயே மறைந்துபோகும். ஏப்ரல் என்பது அங்கே இலையுதிர்காலம். சுற்றுலாக் கூட்டம் வடிந்திருக்கும். அதே ஒருநாள் கணக்கை ஜனவரியில் எடுத்திருந்தால், கோடைப் பயணிகளால் எண் எங்கோ போயிருக்கும்.

2024இல் சிலி மறுபடியும் முறையை மாற்றியது. மார்ச் 9இல் தொடங்கி, பல வாரங்கள் வீடு வீடாகச் சென்று, வழக்கமாக வசிப்பவர்களை எண்ணினார்கள். நாட்டின் மொத்தம் 1 கோடியே 84 லட்சத்தைத் தாண்டியது. 2017இல் அது 1 கோடியே 75 லட்சத்துக்குச் சற்று மேல். டோர்டெலின் 2024 எண்ணை எடுத்து 523க்குப் பக்கத்தில் வைத்து, கூட்டியோ கழித்தோ வரும் விடையைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முதல் எண் ஊரில் வசிப்பவர்களைச் சொல்கிறது, இரண்டாவது எண் 2017 ஏப்ரலில் ஓர் இரவு அங்கே தூங்கியவர்களைச் சொல்கிறது.